சாலை அகலமாகிறது, நம் வீட்டு நிலம் என்னாவது?



சில ஆண்டுகளுக்கு முன், என் மாணவன் ஒருவனின் தாத்தா பள்ளிக்கு வந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். சேமநிதிப் பணத்தில் பெரிய சாலையோரம் துண்டு நிலம் வாங்கிப் பலகை வீடு கட்டியிருந்தார். "வாத்தியாரே, மலாயில் கடிதம் வந்திருக்கிறது, பாருங்கள்" என்று நீட்டினார்.

அது 'பாரம் ஈ'. சாலையை அகலப்படுத்த அவர் நிலத்தில் ஒரு பகுதியை எடுப்பதற்கான விசாரணை அறிவிப்பு. விசாரணை முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. கடிதம் அதுவரை சாமி படத்திற்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது!

எடுத்த நிலத்திற்கு விலை கிடைத்தது. ஆனால் போன வேலிக்கும், மாற்றிக் கட்டிய வாசல்படிக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அவர் கேட்கவில்லையே! கேட்காதவர் பிறகு நீதிமன்றத்திலும் முறையிட முடியாது.

நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, போதுமான இழப்பீடு இல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்க இடமளிப்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் இதற்கான நடைமுறையை 1960ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் சொல்கிறது. பொதுத் தேவைக்கென்று அரசாங்கம் நிலத்தை எடுப்பதை நாம் பெரும்பாலும் தடுக்க முடியாது. ஆனால் நியாயமான தொகையைக் கேட்கலாம்.

என்னென்ன கேட்கலாம்? நிலத்தின் சந்தை விலை முதலாவது. ஒரு பகுதி போனதால் மீதி நிலத்திற்கு ஏற்படும் நட்டம் இரண்டாவது. வீட்டை விட்டு மாற வேண்டியிருந்தால் அதற்கான நியாயமான செலவு மூன்றாவது. சாலை வருவதால் மீதி நிலத்தின் மதிப்பு கூடினால், அதைக் கழித்துக்கொள்வார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

விசாரணை, அறிவிப்பு வெளியான பின் 21 நாட்களுக்கு முன்னதாக நடைபெறாது. அந்த நாட்களை வீணாக்காதீர்கள். கிராண்டு, வரி ரசீது, வீட்டின் படங்கள், செலவுச் சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். கோரிக்கையை எழுத்தில் நில அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நில நிர்வாகியின் தொகை குறைவாகத் தோன்றினால், பணத்தை வாங்கும்போதே 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கொடுங்கள். பிறகு 'பாரம் என்' கொடுத்து உயர் நீதிமன்றத்தின் முடிவைக் கேட்கலாம். விசாரணையில் இருந்தவருக்குத் தீர்மான நாளிலிருந்து 6 வாரமே அவகாசம்.

இன்னொன்று. பல வீடுகளின் கிராண்டு இன்னும் இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது. அப்படியிருந்தால் இழப்பீடு கைக்கு வருவது தாமதமாகும், உடன்பிறந்தாருக்குள்ளும் மனவருத்தம் வரும். சாலை வருமுன்னே வாரிசுப் பெயருக்கு மாற்றிவிடுங்கள். சிறு சொத்தாக இருந்தால் நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம்.

மலாய்க் கடிதம் வந்தால் பயந்து ஒளித்துவைக்க வேண்டாம். பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளையிடம் அன்றே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவனைப் படிக்க வைத்தது இதற்கும் சேர்த்துத்தானே!