இரத்தம் நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, வங்கிக் கடன், கறவை மாடு பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிட்டாங்க. நான் பேசப் போவது நாம யாரும் கூட்டத்தில் வாய் திறக்காத விஷயம். மலத்தில் இரத்தம் போவது.

எனக்கு 9 வருஷமாகப் பெருங்குடல் புண் நோய் இருக்கிறது. டாக்டர்கள் அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்பார்கள். பெருங்குடலின் உள்பக்கம் வீங்கிப் புண்ணாகிவிடும். அடிக்கடி வெளிக்குப் போகும், சளியும் இரத்தமும் கலந்து வரும், அடிவயிறு முறுக்கும், உடம்பு இளைக்கும், இரத்தசோகை வரும். மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்கிறவங்க உண்டு. குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். இது தொத்து வியாதி இல்லை. நம்ம உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம்ம குடலைத் தாக்குவதால் வருவது.

இதற்கு முதலில் தரும் மருந்து மெசலமின். குடலின் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து. இதற்கு மூத்தது சல்ஃபாசலசின். சுவீடன் நாட்டில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற ஒரு பெண் டாக்டர்தான் 1940 வாக்கில், மூட்டுவாதத்துக்காக அதை உருவாக்கினார். அது குடல் புண்ணையும் ஆற்றியது. அந்த மருந்துக்குள் இருந்து குடலை ஆற்றும் பகுதி மெசலமின்தான் என்று 1977-இல் கண்டுபிடித்தார்கள்.

சாப்பிடும் முறை முக்கியம். மாத்திரை பெருங்குடலுக்குப் போய்க் கரைவதற்காகவே மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். அதனால் உடைக்காதீங்க, மெல்லாதீங்க, பொடிக்காதீங்க. புண் ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தால், ராத்திரியில் உள்ளே வைக்கும் மாத்திரையோ எனிமாவோ தருவார்கள். அதற்கு வெட்கப்படாதீங்க. மருந்து நேராகப் புண்ணிலேயே போய்ப் படும்.

நோய் முற்றினால் ஸ்டீராய்டு தருவார்கள். சீக்கிரம் கேட்கும். ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடும் மருந்து இல்லை. நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. இரத்தம் நின்று, வயிறு நல்லா ஆனதும் மாத்திரையை நிறுத்திவிடத் தோணும். "இனி எதுக்குக் காசு?" என்று வீட்டிலும் கேட்பார்கள். நோய் போகவில்லை, மருந்து அதை அடக்கி வைத்திருக்கிறது. கஷ்டம் இல்லாத மாதத்திலும் நாம சேமிப்பைக் கட்டுகிறோம் இல்லையா? இந்த மாத்திரையும் அப்படித்தான். நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

எங்க குழுவில் ஒரு தங்கச்சி கர்ப்பமானதும், பிள்ளைக்கு ஆகாதுன்னு வீட்டில் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நானும் அவளுடன் டாக்டரிடம் போனேன். "இந்த மருந்தைக் கர்ப்பத்தில் தொடரலாம்; நோய் கிளம்பினால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து" என்றார். அவளும் விடாமல் சாப்பிட்டாள். இன்றைக்கு அந்தக் குழந்தை பால்வாடி போகிறது. சல்ஃபாசலசின் சாப்பிடுகிறவர்களுக்குக் கர்ப்பத்தில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அவசியம்.

இன்னொன்று. களை வெட்டி இடுப்பு வலித்தால், மாதவிலக்கு வலி வந்தால், கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுகிறோம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அவை நோயைக் கிளப்பிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் போடாதீங்க. மெசலமின் சாப்பிடுகிறவர்கள் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்ளுங்க. நோய் வந்து 8 வருஷம் ஆனவர்களுக்குக் குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்ப்பது நல்லது. நானும் போன வருஷம் பார்த்துக்கொண்டேன்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. தொழிலுக்கு உள்கடன் கொடுப்பது போல, மாதா மாதம் மருந்து வாங்கும் உறுப்பினருக்கும் கேள்வி கேட்காமல் கொடுங்க. உறுப்பினர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இரத்தம் கண்டால் மறைக்காதீங்க. பக்கத்தில் இருக்கிற அக்காவிடமாவது சொல்லுங்க. துணைக்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.