ஒரே ஆள், மூன்று கப்பல்



போன வாரம் லிஃப்டில் ஒருவர் கேட்டார்: "சார், உங்க பேரன் ஒரே நேரத்துல மூணு அக்கவுண்ட்ல கேம் ஆடறானாமே, அது சீட்டிங் இல்லையா?"

அவன் ஆடுவது ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்துக் கம்பெனி 2003-இல் வெளியிட்ட விண்வெளி ஆட்டம். அவனுடைய ஒரு கப்பல் தாது தோண்டும், ஒன்று சுமக்கும், மூன்றாவது காவல். ஒருவரே பல கணக்கு வைத்துக்கொள்ளக் கம்பெனியே அனுமதிக்கிறது. ஆனால் இலவசக் கணக்குகளைச் சேர்த்து ஓட்ட முடியாது, சந்தா கட்டவேண்டும். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாக் கப்பலும் நகரும்படி செய்யும் மென்பொருளுக்கு 2015 ஜனவரியிலிருந்து தடை. எனவே மூன்றையும் அவனேதான் மாற்றி மாற்றிக் கவனிக்கிறான்.

வங்கியில் ஆள் குறைந்த நாட்களில் நான் இரண்டு கவுண்டர் பார்த்திருக்கிறேன். யாரும் மோசடி என்று சொல்லவில்லை; தலைவலிதான் மிச்சம்.

காசுள்ளவனுக்கு மூன்று கப்பல், இல்லாதவனுக்கு ஒன்றா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆட்டத்தில் சம்பாதித்ததைக் கொண்டே சந்தா கட்டவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு நிறைய நேரம் வேண்டும்.

கண் கெட்டுவிடும் என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஏமாற்றுக்காரன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு நாளாகப் பையன் கீழே விளையாட இறங்கவில்லை.