மாரிக் கடலைக் கேட்கப் போனேன்

 

டிசம்பர் மாதத்தில் இலங்கையின் கிழக்குக் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போகிறேன் என்று சொன்னால் அந்தக் கரையில் இருக்கிறவர்களே சிரிப்பார்கள். ஒலுவிலில் இருக்கும் என் கூட்டாளி தொலைபேசியில் சிரித்தே விட்டார். "மாரியில என்னத்தப் பாக்க வாறீங்க? கடலும் கறுப்பு, வானமும் கறுப்பு." பார்க்க இல்லை, கேட்க வருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். போய்வந்த பிறகு யோசித்தால், விளையாட்டாகச் சொன்ன அந்தப் பதில்தான் முழு உண்மை. வானொலியில் உங்களுக்குக் காட்ட என்னிடம் படம் இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மாரிக்கால ஒலுவில் காதுக்குரிய ஊர்.

முதலில் இந்தக் கரையின் காலக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் வீசும். தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் மலைநாட்டுக்கும் மேற்குக்கும் கொடுத்துவிட்டு, மலை இறங்கி, வெறும் சூடாக இங்கே வந்து சேரும். அந்த மாதங்களில்தான் தெற்கே அறுகம் குடாவில் அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டார் குவிவார்கள். ஒக்டோபர் முடிந்தால் அவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு நாட்டின் மறுபக்கம் போய்விடுவார்கள். பிறகு வாடைக் காற்று திரும்பும். வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டும். ஆண்டு மழையில் பெரும்பங்கை இந்த இரண்டு மூன்று மாதங்களே கொடுத்துவிடும். சுற்றுலாக்காரரின் நாட்காட்டியில் இது மூடிய காலம். வயற்காரரின் நாட்காட்டியில் இதுதான் பெரும்போகம்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பஸ் ஏறினேன். ஜன்னல்களை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். கண்ணாடியில் வழிகிற தண்ணீரில் ஊர்ப் பெயர்ப் பலகைகள் தெரியவில்லை. ஆனாலும் மருதமுனை வந்ததும் தெரிந்துவிட்டது. பஸ் நின்ற இடத்தில் மழைச் சத்தத்துக்கு அடியில் தறிச் சத்தம். சாயம் போட்ட நூல் காய்வதற்கு வெயில் இல்லாத நாளிலும், கூரைக்குக் கீழே தறி மட்டும் ஓய்வதில்லை. அடுத்தது கல்முனை. அங்கே கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள். பிறகு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டப்பள்ளம். ஒரு பள்ளிவாசல் மினாரா, ஒரு கோயில் கோபுரம், மறுபடியும் ஒரு மினாரா. ஊர் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று சொல்லத் தெரியாத வரிசை. கல்முனையிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் ஒலுவில்.

கூட்டாளியின் வீட்டு முன் விறாந்தையில் போய் உட்கார்ந்ததும் மழை பிடித்தது. தகரக் கூரை. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பேச்சு நின்றால் சாப்பாடு நடக்கும். அவருடைய உம்மா மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கட்டச்சம்பலோடு கொண்டுவந்தார். ஒரு கடகத்தில் அவித்த சோளன். காகிதச் சுருளில் வறுத்த கச்சான். இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். வெயிற்காலத்தில் முகத்தைச் சுடுகிற காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். மழைக்காலத்தில் கையைச் சுடுகிற கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். "ஒரு கச்சான் போனா மத்தக் கச்சான் வரும்" என்றார் உம்மா. சாப்பாட்டின் கடைசியில் சட்டியில் உறைந்த எருமைத் தயிர். அதன்மேல் பாணியை ஊற்றித் தந்தபோது கூரையில் சத்தம் குறைந்து, ஓட்டையில் சொட்டுகிற தண்ணீர் வாளியில் விழும் ஓசை மட்டும் மிஞ்சியது.

மழை ஓய்ந்த இடைவெளியில் களியோடைப் பக்கம் போனோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமானது. அதையும் தாண்டினால் வட்டைகள். வயல்வெளிக்கு இந்தப் பகுதியில் வட்டை என்றுதான் சொல்வார்கள். முழங்கால் உயரத்துக்கு நெல், அதன் அடியில் தண்ணீர், தண்ணீருக்குள் தவளைகள். ஒரு வட்டையில் ஆயிரம் தவளை தொடங்கினால் அடுத்த வட்டையில் ஆயிரம் எடுத்துக்கொடுக்கும். வரம்பில் மண்வெட்டியோடு நின்ற அண்ணன் ஒருவர், இங்கே காக்கா என்பார்கள், தண்ணீர் வடிவதற்காக வரம்பை ஒரு சாண் வெட்டிவிட்டார். "வராட்டியும் கவல, வந்தாலும் கவல" என்றார். மழையைத்தான் சொன்னார்.

வடிகிற அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தொடர்ந்து போனால் கடலுக்குத்தான் போய்ச் சேர்வோம். இந்தக் கரை முழுக்க ஆறுகளுக்கும் தோணா எனப்படும் ஓடைகளுக்கும் கடலோரத்தில் ஒரு வாய் உண்டு. முகத்துவாரம் என்பார்கள். கச்சான் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் முட்டி முட்டி நிற்கும். சில வேளை தானாக உடைத்துக்கொண்டு போகும். சில வேளை ஊரவரும் அதிகாரிகளும் சேர்ந்து மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டுவது ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு வாய்க்கால்தான். மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கத்து மணலும் பாளம் பாளமாக இடிந்து விழ, சிறிது நேரத்தில் ஆறு பழுப்பு நிறத்தில் கடலுக்குள் நாக்கை நீட்டியிருக்கும். மணலையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். அந்த மணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் சந்திக்கப் போகிறோம்.

இப்போது துறைமுகம். ஒலுவிலுக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்ற கனவை எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் பெயரோடு சேர்த்தே இங்கே பேசுவார்கள். துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர்; 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கியது. 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி துறைமுகம் திறக்கப்பட்டது. வணிகக் கப்பல்களுக்கு ஒரு பகுதி, மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பகுதி என்பது திட்டம். எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. மணல் வந்தது.

எப்படி வந்தது? கடலோர மணல் ஓர் இடத்தில் கிடப்பதில்லை. தெற்கிலிருந்து வரும் அலை அதை வடக்கே உருட்டும். வாடைக் காலத்து அலை கொஞ்சத்தைத் தெற்கே திருப்பும். ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்தப் பாதைக்குக் குறுக்கே கருங்கல் அலைத்தடுப்புகளைக் கடலுக்குள் நீட்டினால், தெற்குப் பக்கத்தில் மணல் தேங்கும். வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது. ஆனால் அங்கே கடல் அள்ளுவதை நிறுத்துமா? நிறுத்தாது. ஒரு பக்கம் கரை வளர்ந்தது. மறுபக்கம் தென்னந்தோப்புகளோடு காணிகள் கடலுக்குள் போயின. இடையில் துறைமுகத்தின் வாயிலும் மணல் சேர்ந்து, படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் திண்டாடின. தோண்டுவதும் மறுபடி மூடுவதுமாக இந்தக் கதை நீள்கிறது.

இதை எல்லாம் செய்தியில் படித்திருந்தேன். ஆனால் காதால் கேட்டது அன்று மாலைதான். மழைக் குடையோடு முதலில் தெற்குப் பக்கத்துக் கரையில் நின்றோம். அகலமான மணல். அலை தூரத்திலேயே உடைந்துவிடுகிறது. உடைந்த அலை நீண்ட மூச்சுப்போல இரைந்துகொண்டே ஏறி வந்து, மணலில் உறிஞ்சப்பட்டு அடங்குகிறது. பிறகு சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போனோம். அங்கே மூச்சு இல்லை, அறை. கரையைக் காக்கக் கொட்டிய கற்களில் அலை நேராக வந்து மோதுகிறது. மோதிய தண்ணீர் திரும்பும்போது கற்களின் இடுக்கில் கூழாங்கல் உருளும் கடகடப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே கடல், ஒரே வாடை, ஒரே மாலை. இடையில் நிற்பது மனிதன் கட்டிய ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு குரல், அந்தப் பக்கம் ஒரு குரல். கோடையில் போயிருந்தால் இரண்டுமே அழகான கடற்கரை என்று படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

அங்கே ஒரு வயோதிபர் நின்றார். கடற்றொழிலாளி; படகைக் கரைக்கு ஏற்றிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தை ஆண்டுகளால் அல்ல, அடிகளால் கணக்கு வைத்திருப்பவர். 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி ஒன்று. 2004 டிசம்பர் 26 இன்னொன்று. சுனாமியில் இந்த நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000 பேருக்கு மேல். அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அலை நுனிக்குப் போகப் பார்த்த என்னைக் கையால் மறித்து, "இது மாரிக் கடல் தம்பி, இதுக்கு முதுகக் காட்டப்படாது" என்றார். பிறகு கடலைக் காட்டிச் சொன்னார்: "ஆத்துட முகத்த மழ தொறக்குது. துறைட முகத்த மண் மூடுது. ரெண்டும் ஒரே மண்தான்."

நேயர்களே, என் பயணத்தின் சாரமே அந்த வாக்கியம்தான். வயலில் வரம்பு வெட்டிய காக்காவின் தண்ணீரும், முகத்துவாரத்தை உடைத்த வெள்ளமும், துறைமுக வாயை அடைக்கிற மணலும் ஒரே ஓட்டத்தில் வருகிறவை. மழை இல்லாத காலத்தில் இவை தனித்தனியாகக் கிடக்கும். மழை பெய்தால்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது தெரியும்.

நீங்களும் போவதென்றால் சில சொற்கள். குளிக்கும் ஆசையை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்த மாதங்களில் கடலும் ஆறும் சேரும் இடம் ஆளை இழுக்கும். துறைமுக வளவுக்குள் நுழைய அனுமதி கேளுங்கள். தெருவைத் தாண்டி வெள்ளம் ஓடினால், எவ்வளவு பெரிய வாகனமானாலும் இறங்காதீர்கள். 2024 நவம்பர் 26இல் காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில், மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகள் பலர் வீடு திரும்பவில்லை.  வானிலை அறிவித்தலைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். உடுப்பு காயாது, மாற்று உடுப்பு எடுத்துப் போங்கள்.

மறுநாள் அதிகாலை ஒலுவில் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். தேநீர்க் கடையில் கூட்டாளி பிளேன்ரீ வாங்கித் தந்தார். மழை இல்லை, வீதி விளக்கில் துமி மட்டும். கடல் கண்ணுக்குத் தெரியாத தூரம், ஆனால் இரைச்சல் அங்கே வரைக்கும் வந்தது. "என்ன, கேட்டு முடிஞ்சுதா?" என்றார் அவர். நான் பதில் சொல்லவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அது தெற்குப் பக்கத்து மூச்சா, வடக்குப் பக்கத்து அறையா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.