தகரம் பறக்கும், மண் இறங்கும்

ஜூலை, ஆகஸ்ட் வந்தால் ஊவாவில் காற்று தொடங்கிவிடும். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற வாசனைக்கு அந்தக் காற்றுதான் காரணம். பதுளை, பசறை, நமுனுகுல பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் கூரைத் தகரத்தைத் தூக்குவதும் அதே காற்றுதான். தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கிற மாதங்களில் லயத்தில் தூக்கம் குறைவு.

இதற்கு நம் ஆட்கள் கண்ட வைத்தியம் எல்லோரும் அறிந்தது: கூரை மேல் கல், மணல் மூட்டை, பழைய டயர். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கிற காற்று, ஒரு சதுர மீற்றர் கூரையை ஏறக்குறைய 50 கிலோ பாரத்துக்குச் சமமாக மேலே இழுக்கும். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடும். எட்டடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள தகரம் ஒன்றுக்கு 90 கிலோ வந்துவிடும். அங்கே 20 கிலோ மூட்டை எந்த மூலைக்கு? தகரம் கிளம்பினால் கல்லும் சேர்ந்து கிளம்பி, பக்கத்துக் காம்பரா இஸ்தோப்பில் விழும்.

பாரம் ஏற்றிப் பயனில்லை, பிடிப்பு வேண்டும். அந்தப் பிடிப்பு அத்திவாரத்திலிருந்தே தொடங்க வேண்டும். அத்திவாரக் கொங்கிறீட்டில் புதைத்த கம்பி சுவர் வழியே ஏறி, சுவர் மேலுள்ள வளையைப் பிடிக்கட்டும். வளையோடு கைமரத்தை இரும்புப் பட்டியால் கட்டுங்கள். கைமரத்தோடு சலாகை, சலாகையோடு தகரம். தகரத்துக்குச் சாதாரண ஆணி அடித்தால், காற்றில் படபடத்துப் படபடத்து அது தளர்ந்துவிடும். வாசர் போட்ட திருகாணிதான் நிற்கும். இறவாணத்திலும் மூலைகளிலும் நெருக்கமாக அடிக்க வேண்டும். காற்று முதலில் கை வைக்கிற இடம் அதுதான்.

பிடிப்புக்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே தொழிற்சாலையிலேயே முழு வீட்டைச் செய்து, லொறியில் இழுத்து வந்து வைக்கிறார்கள். கனம் குறைவு. 1992இல் அண்ட்ரூ சூறாவளி புளோரிடாவில் அப்படிப்பட்ட வீடுகளை நொறுக்கிப் போட்டது. 1994இல் விதிகளை இறுக்கினார்கள். வீட்டின் அடிச்சட்டத்தை இரும்புப் பட்டிகளால் நிலத்தில் திருகி இறக்கிய நங்கூரங்களோடு கட்டுகிறார்கள். அப்படி இறக்குமுன் அங்கே பார்ப்பது மண்ணைத்தான். இளகிய மண்ணில் எவ்வளவு கெட்டியான நங்கூரமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம் மலையின் கதை வேறாகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை இறங்கியது மலையே. லயங்கள் அப்படியே மண்ணுக்கடியில் போயின. பள்ளிக்கூடம் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வந்தபோது சிலருக்கு வீடுமில்லை, பெற்றவர்களுமில்லை. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பவர்களை எழுப்பிவிடுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தப்பியவர்களுக்கு 2016இல்தான் பூணாகலைப் பக்கம் மாக்கந்தையில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தைப் பலமாக அடித்தது மண்சரிவுதான்.

மண் ஏன் இறங்குகிறது? பெரும்பாலும் தண்ணீரால். சரிவைப் பாதி வெட்டி, வெட்டிய மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டி நிரவி வீடு கட்டுகிறோம். வீட்டின் ஒரு பாதி கடுமண்ணில், மறுபாதி கொட்டிய மண்ணில். மழையில் கொட்டிய பாதி அமுங்கும், ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாக வெடிக்கும். சீமெந்து பூசி மறைத்தால் அடுத்த மாரியில் மறுபடி வெடிக்கும். அத்திவாரம் முழுவதும் கடுமண்ணில் இறங்க வேண்டும். பின்பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேட்டில் கான் வெட்டி, அந்தக் கான் அடைபடாமல் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் கான் வெட்டுவதற்கென்றே ஆள் போட்டார்கள், மண்ணின் மேல் இருந்த அக்கறையில். இன்று எத்தனை தோட்டத்தில் அது நடக்கிறது?

லயமோ தோட்டத்துச் சொத்து. குடியிருப்பவர் அத்திவாரத்தைத் தொட முடியாது, நிர்வாகத்துக்கோ தொட மனமில்லை. காணியோடு தனிவீடு வரும்போதாவது கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்குவோம். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த நிலத்தைப் பார்த்து அனுமதி கொடுத்ததா? கடிதம் எங்கே? நிவாரணமாகத் தகரம் கொடுத்தால், பட்டியும் திருகாணியும் எங்கே? இவற்றைக் கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

அதுவரை, சரிவில் குடியிருக்கும் இடத்தில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராகுங்கள். 150 ஆனால் வெளியேறிவிடுங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, இறுகிப்போன கதவு, இவற்றில் எதைக் கண்டாலும் மழைக்கணக்குக்குக் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.