பள்ளம் தட்டில் இருந்தது



எங்கள் பள்ளிக் கைவினை அறையில் சிறிய மின்சூளை ஒன்று உண்டு. ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை இரண்டடுக்காக வைத்து, 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி ஒன்றாக்குவோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வில்லையில் எலுமிச்சை அளவுக் குமிழி எழும்பி வெடித்தது. கண்ணாடியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அடுத்த வாரமும் அதே ஓட்டை. "நல்லாத்தான் சார் துடைச்சேன்" என்றாள். நான் நம்பவில்லை.

அடுக்குகளுக்கு நடுவே பொடிக் குமிழிகள் வந்தால் தூசியையோ அவசரச் சூட்டையோ சந்தேகிக்கலாம். 650 டிகிரி அருகே அரை மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். அடியிலிருந்து ஒரே பெரிய குமிழி எழுந்தால் சூளைத் தட்டைப் பாருங்கள். நான் தாமதமாகத்தான் பார்த்தேன். இரும்பு அளவுகோலை விளிம்பில் நிறுத்தியபோது, இரண்டு முறையும் அவள் வில்லை இருந்த இடத்தில் மட்டும் கீழே வெளிச்சம் தெரிந்தது. பள்ளத்தில் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து, இளகிய கண்ணாடியைத் தூக்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, தட்டின் பூச்சையும் அரைகுறையாகத்தான் காயவிட்டிருந்தேன்.

தட்டைத் திருப்பி, சமமான பக்கத்தில் புதிதாகப் பூசி, வெறும் தட்டாகவே சூளையில் 250 டிகிரியில் காயவைத்தோம். மூன்றாவது வில்லை தெளிவாக வந்தது.

அதே வகுப்பின் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்போ அந்த ஓட்டை வில்லைய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா சார்?" என்றாள்.