குறட்டையும் இருதயமும்

(புன்னக்காயலில் நடைபெற்ற இருதய நலக் கூட்டத்தில் நம் மருத்துவமனைக் குழுவினர் ஆற்றிய உரை)



தாமிரபரணி கடலோடு கலக்கிற இந்த ஊருக்கு வைத்தியப் பணி புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார் இங்கே ஒரு மருத்துவமனையை நடத்தினார். இத்துறை மக்களே காணிக்கை கொடுத்து அதைத் தாங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் பேசக் கிடைத்த வாய்ப்புக்காக நன்றி செலுத்துகிறோம்.

இன்று நாங்கள் பேச வந்திருப்பது குறட்டையைப் பற்றி. நீங்கள் சிரிக்கிறீர்கள். எல்லா ஊரிலும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். "பாவம், அலுப்பில் அசந்து தூங்குகிறார்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எல்லாக் குறட்டையும் நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல. சிலருக்குப் பலத்த குறட்டையின் நடுவே மூச்சு நின்றுவிடுகிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சில வேளை அதற்கு மேலும் சத்தமே இராது. பிறகு திணறலோடு மூச்சு திரும்பும். இந்த வியாதிக்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர்.

மூச்சை அடக்குவது உங்கள் முன்னோர்களுக்குத் தெரிந்த தொழில். இந்தக் கடலில் கடைசியாக 1961ல் முத்துக்குளிப்பு நடந்தது. முத்துக்குளிக்கிறவர் தெரிந்தே மூச்சை அடக்கினார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தார். கயிறு அசைந்தவுடன் மேலே இழுத்துவிடுவார். உறக்கத்தில் மூச்சு நிற்கிறவருக்கோ அது நிற்பதே தெரியாது. கயிறு பிடிக்கவும் ஆளில்லை.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப் பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை அபாய மணி அடித்து அவரை அரைகுறையாக எழுப்புகிறது. அந்நேரம் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், நாடி படபடக்கும். அடைபட்ட பாதைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கப் போராடுவதால் இருதயத்தின் சுவர்களும் இழுபடுகின்றன. மூச்சு நிற்பதும் மிகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் நடந்தால் வியாதி கடுமையானது என்று வைத்தியர்கள் கணிக்கிறார்கள். அப்படியானால் ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 முறை! ஓய்வெடுக்க வேண்டிய இருதயம் இரவெல்லாம் ஓடுகிறது. வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் பகலிலும் பிரஷர் இறங்குவதில்லை. இருதயத் துடிப்பு தாறுமாறாகிறது. இருதயம் பலவீனமாவதற்கும் பக்கவாதத்துக்கும் வழி உண்டாகிறது.

இது நம் நாட்டில் அபூர்வ வியாதி அல்ல. மும்பையில் உடல் பரிசோதனைக்கு வந்த 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களை ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்த வியாதி இருந்தது. 2005ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வைத்தியர்கள் திடீர் இருதயச் சாவுகளை ஆராய்ந்தார்கள். இந்த வியாதி உள்ளவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே மரித்திருந்தார்கள். வியாதி இல்லாதவர்களில் அந்நேரத்தில் மரித்தவர்கள் 21 சதவீதமே. 2022 பிப்ரவரியில் இந்தித் திரை இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, இந்த வியாதியே காரணம் என்று அவருடைய வைத்தியர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின.

அடையாளங்கள் என்ன? பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நிற்றல், திணறி விழித்தல், காலையில் தலைவலி, வாய் உலர்தல், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புதல், பகலில் கண் அயர்தல். விடியும் முன்பே கடலுக்குப் போகிறவர்கள் பகல் தூக்கத்தைத் தொழில் அலுப்பு என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வள்ளத்தைச் செலுத்தும்போதோ பைக் ஓட்டும்போதோ கண் அயர்ந்தால் என்ன ஆகும்? பருமனானவர்களுக்கு இது அதிகம். ஆனாலும் தாடை சிறியவர்களுக்கு, மெலிந்த சரீரமாயிருந்தாலும், வரலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். மூன்று வகை மாத்திரை எடுத்தும் பிரஷர் இறங்காதவர்கள், "என் தூக்கத்தைச் சோதிக்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஓர் இரவு தூக்கத்தைக் கருவியால் பதிவு செய்து வியாதியைக் கண்டுபிடிக்கலாம். இப்போது வீட்டிலேயே செய்யும் சோதனையும் உண்டு. எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது, டாக்டரைக் கேளாமல் தூக்க மாத்திரை எடுக்காதிருப்பது ஆகியவை பலன் தரும். வியாதி முற்றியவர்களுக்கு, 1981ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற வைத்தியர் அறிமுகப்படுத்திய 'சிபேப்' கருவி உண்டு. அது மூக்கில் மாட்டும் முகமூடி வழியே காற்றை மெல்லச் செலுத்தி, தொண்டை மூடாமல் காக்கிறது.

இதிலும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஏற்கெனவே இருதய வியாதி அல்லது பக்கவாதம் கண்டவர்களை வைத்து, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2016ல் வெளிவந்தது. கருவியால் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் கருவியை மாட்டியிருந்ததோ சராசரியாக இரவுக்குச் சுமார் மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே கருவி கிடைத்தவர்கள் தூங்கும் நேரமெல்லாம் மாட்டுங்கள். கருவி இருக்கிறதே என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாகத் தாய்மார்களே, பிள்ளைகளே, வள்ளத்தில் ஒன்றாய்ப் படுத்துறங்கும் சகோதரரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வியாதிக்கு முதல் சாட்சி வியாதியஸ்தர் அல்ல, பக்கத்தில் படுத்திருக்கிற நீங்கள்தான். ஒரு ராத்திரி கவனித்துப் பாருங்கள். குறட்டை திடீரென்று நின்றால் விநாடிகளை எண்ணுங்கள். கைப்பேசியில் படம் பிடியுங்கள். அடுத்த முறை அவர் டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போய் அதைக் காட்டுங்கள். அவருடைய கயிறு உங்கள் கையில் இருக்கிறது.