தாம்பரத்துக்குத் தெற்கே வீடு வாங்கும் தொழிலாளிக்கு

(மேற்குத் தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கூலி உயர்வு பற்றியோ போனஸ் பற்றியோ இன்று பேசப் போவதில்லை. கொஞ்ச காலமாகவே எங்கள் ஆபீசுக்கு வருகிற தோழர்களில் பாதிப் பேர் வேறொரு கேள்வியைக் கேட்கிறார்கள். “ஊரப்பாக்கத்தில் ஒரு மனை பார்த்திருக்கிறேன், வாங்கலாமா?” “கூடுவாஞ்சேரியில் தவணைக்குத் தருகிறானாம், அட்வான்ஸ் கட்டட்டுமா?” “முடிச்சூர் பக்கம் மலிவாய்ச் சொல்கிறானே, என்ன காரணம்?”

கட்சி ஆபீசில் வந்து கேட்கிற விஷயமா இது என்று சிலர் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தொழிலாளி தன் ஆயுளில் செய்கிற மிகப் பெரிய செலவு இதுதான். இருபது வருஷ உழைப்பை ஒரு நாள் பத்திர ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறான். தரகனைக் கேட்டு அதைச் செய்வதைவிட நம்மைக் கேட்டுச் செய்யட்டுமே.

ஆனால் எங்களுடைய தவறு ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல்லாவரத்தில் தோல் பதனிடும் வேலை பார்த்த நம் தோழர் ஒருவர், 2012-ல் அடையாற்றுக்குச் சமீபத்தில் ஒரு மனை பார்த்தார். எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மாசி மாசம். தரை வெடித்துக் காய்ந்து கிடந்தது. எல்லைக் கல் நட்டு வெள்ளையடித்து, தென்னங்கன்று வைத்து, கொடி கட்டியிருந்தார்கள். நாங்களும் பார்த்துவிட்டு, “விலை மலிவாய் இருக்கிறது, வாங்கிப் போடு” என்றோம். அந்த யோசனையின் கதி என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் கடன் கணக்கு. பாங்கியில் 15 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 9 சதம், தவணை 20 வருஷம். மாசம் ஏறத்தாழ 13,500 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கிறபோது கொடுத்திருப்பது 32 லட்சத்துக்கு மேல். கட்டுவது ஒரு வீடு, பணம் கொடுப்பது இரண்டு வீட்டுக்கு. முத்திரைத் தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம் இதில் சேரவில்லை. பத்து லட்சம் ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சர்க்கார் வைத்திருக்கிறது. தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்பது ஒரு பக்கம். வீடு உங்கள் பெயரில் இருக்கும் என்பது அதைவிடப் பெரிது.

கடன் இருபது வருஷத்துக்கு. வேலை எத்தனை வருஷத்துக்கு?

பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 1996-ல் மூடினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை ஆயிரக்கணக்கான வாலிபர்களையும் பெண்களையும் வேலைக்கு எடுத்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகர் போர்டு கார் ஆலையின் உற்பத்தி 2022-ல் நின்றது. ஆலை நின்றால் தவணையும் நிற்குமா? இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் காண்டிராக்டில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பதினோரு மாசத்துச் சீட்டை நம்பி இருபது வருஷக் கடன்!

எங்கெல்ஸ் 1872-லேயே குடியிருப்புப் பிரச்னை பற்றி எழுதியபோது இதை எடுத்துக் காட்டினார். கடனில் வாங்கிய சிறு வீடு தொழிலாளியை ஒரே ஊரில், ஒரே முதலாளியிடம் கட்டிப் போட்டுவிடும், கூலியைக் குறைத்தாலும் அவனால் நகர முடியாது என்றார். அதற்காக யாரும் வீடு வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வாடகைக்குக் குடியிருந்து, வருஷா வருஷம் சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனிடம் அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: ஓர் ஆலையின் வாசலைப் பார்த்து வீடு வாங்காதீர்கள், ரயில் பாதையைப் பார்த்து வாங்குங்கள். இந்த ஆலை போனாலும் பத்து ஊர் வேலைக்கு அந்த ரயில் உங்களைக் கொண்டுபோய் விடும்.

தாம்பரம் தாம்பரமானதே ரயிலால்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. அப்போது மீட்டர் கேஜ். அந்தப் பாதை 2004-ல் ஓய்ந்து அகலப் பாதை வந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை என்று பட்டணம் தெற்கே நீண்டது இந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான். இன்றைக்கும் ஏழை ஜனங்களுக்கு இதைவிட மலிவான வாகனம் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை 29 கிலோமீட்டர். மாசச் சீசன் டிக்கெட் எடுத்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது. ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிற லேஅவுட்டுக்கு ஷேர் ஆட்டோவில் ஒரு தடவை போகவே அதைவிட அதிகம் கேட்பான். தரகன் காட்டுகிற நோட்டீசில் இதெல்லாம் இருக்காது. “ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம்” என்றுதான் இருக்கும். யாருடைய பத்து நிமிஷம்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுடைய காரில் போன பத்து நிமிஷம்!

ஆகவே முதல் ஷிப்டுக்குப் போகிற நேரத்தில், வார நாளில், உங்கள் காலால் ஒரு தடவை நடந்து பாருங்கள். மனையிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வேலை ஸ்தலம். இரண்டாம் ஷிப்டு முடிந்து ராத்திரி திரும்புகிறபோதும் பாருங்கள். தாம்பரத்தோடு நின்றுவிடுகிற வண்டிகள் பல. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தெற்கே போகிற செங்கல்பட்டு வண்டி அவ்வளவு அடிக்கடி இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டியதுதான். போக வர ஒன்றரை மணி ஆகிற இடத்துக்கும் நாலு மணி ஆகிற இடத்துக்கும் மாசத்துக்கு 25 நாளில் வித்தியாசம் அறுபது மணிக்கு மேல். எட்டு மணி ஷிப்டாக எண்ணினால் ஏறக்குறைய எட்டு ஷிப்டு. எட்டு மணி வேலைக்காக நம் முன்னோர் போராடி வாங்கிய நேரத்தைச் சம்பளமில்லாமல் ரோட்டில் கொட்டுகிறோம்.

வீட்டுப் பெண்களின் வேலையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண் பிள்ளை சமாளித்துப் போய்விடுவான். நாலு வீட்டில் வேலை செய்தோ, ஏற்றுமதி ஆடைக் கம்பெனிக்குப் போயோ சம்பாதிக்கிற பெண்ணுக்குப் போக்குவரத்து அறுந்தால் வேலையே போய்விடும். பட்டணத்துக் குடிசைகளை அப்புறப்படுத்திக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஜனங்களை அனுப்பினார்களே, அங்கே பெண்களுக்கு நேர்ந்தது இதுதான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. அந்த பஸ் உங்கள் தெருமுனைக்கு வருகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மண்ணை அறிந்தவனைக் கேள்!

இப்போது அந்தப் பல்லாவரம் தோழர் கதைக்கு வருகிறோம்.

2015 டிசம்பர் 1-ந் தேதி ராத்திரி. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரியாய் மாறி, படகில் ஜனங்களை வெளியேற்றினார்கள். நம் தோழரின் மனையில் எல்லைக் கல்லே தெரியவில்லை. நல்ல வேளை, கையில் காசில்லாமல் அவர் அதுவரை வீடு கட்டவில்லை. பக்கத்து மனையில் கடன் வாங்கிக் கட்டியவர் மொட்டை மாடியில் பிள்ளைகளோடு இரண்டு நாள் நின்றார்.

வெள்ளம் வடிந்த பிறகு நிவாரண வேலைக்காகப் போனோம். அந்த மண்ணில் நாற்று நட்ட ஒரு பாட்டி அங்கே இருந்தார். “இது கால்வாய்த் தாழ்வு ஆச்சே. ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவு தண்ணி நிற்கும். இங்கே போய் வீடு கட்டுவாங்களா?” என்று கேட்டார். வெட்கமாய்ப் போயிற்று, தோழர்களே. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தை வைத்திருக்கிற நாங்களே கேட்கவில்லையே!

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. மேலே இருக்கிற ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். கிழக்குத் தாம்பரம் பக்கம் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரித் தண்ணீர் எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அந்தச் சதுப்பு நிலத்தில் குப்பையைக் கொட்டி, கட்டடம் கட்டி, பெரும்பகுதியை விழுங்கிவிட்டார்கள். மிச்சத்தை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். தண்ணீருக்குப் பட்டா தெரியாது. பழைய வழியிலேயே வரும். ஏரி உள்வாய் எது, கலங்கல் எங்கே, வாய்க்கால் எப்படிப் போயிற்று என்று அங்கே ஏர் ஓட்டியவனுக்கும் களை பறித்தவளுக்கும் மனப்பாடம். மனை வாங்கப் போகிற ஆலைத் தொழிலாளிக்கு அவர்களைவிட நல்ல யோசனைக்காரர் கிடையாது. அந்த யோசனைக்குக் கமிஷனும் கிடையாது.

வெயில் காலத்திலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். 2019 ஜூனில் பட்டணத்துக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டபோது தெற்குப் புறநகர் முழுவதும் லாரித் தண்ணீரை நம்பி நின்றது. அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சுற்றுக் கிராமத்து விவசாயக் கிணறுகளிலிருந்து. பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை தனி. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள்; பக்கத்து வீட்டில் போர் எத்தனை அடி என்று கேளுங்கள்.

தோழரின் கதை வெள்ளத்தோடு முடியவில்லை. பிற்பாடு அவருடைய மகளுக்குக் கல்யாணம். மனையை விற்றுச் செலவு பார்க்கலாம் என்று போனார். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் ஐகோர்ட்டு தடை போட்டிருந்தது. இவருடையது அங்கீகாரமில்லாத லேஅவுட். ஆற்றங்கரை மனை என்று வாங்க ஆளும் இல்லை, பதிய வழியும் இல்லை. வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தலாம் என்று 2017-ல் சர்க்கார் விதி கொண்டுவந்தது. அதற்கும் கட்டணம் இவர்தான் கட்ட வேண்டும். மனை போட்டு விற்றவன் பணத்தை எண்ணிக்கொண்டு எப்போதோ போய்விட்டான்.

பத்திரம் பார்க்கிற விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேஅவுட்டுக்கு அங்கீகார நம்பர் உண்டா, மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, பட்டா விற்கிறவன் பெயரில்தானா? முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பட்டாவையும் வில்லங்கத்தையும் இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். நமக்கு வராவிட்டால் பிள்ளைகளுக்கு வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வாங்குகிற நிலம் பஞ்சமி நிலமா என்று தாலுகா ஆபீசில் விசாரியுங்கள். செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் 1891-ல் தாழ்த்தப்பட்ட ஜனங்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் பேரில் 1892-ல் உத்தரவு பிறந்து அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த ஜனங்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் ஏமாற்றியும் மிரட்டியும் பிடுங்கினார்கள். காரணை நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்ட ஜனங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் போயிற்று. அப்படிப்பட்ட நிலத்தில் மலிவாய்க் கிடைக்கிறது என்று ஒரு தொழிலாளி மனை வாங்கலாமா? சட்டப்படியும் அது நிற்காது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நஞ்சை மனையாகிறபோது மிராசுதாருக்குப் பணம் வருகிறது; அங்கே கூலி வேலை செய்த குடும்பத்துக்கு என்ன வருகிறது? அதே மண்ணில் சித்தாள் வேலை. கட்டி முடித்த பிறகு அதுவும் இல்லை. இதைத் தனித்தனியாக மனை வாங்கித் தீர்க்க முடியாது. வியன்னா நகரசபை 1923 முதல் 1934 வரை, பணக்காரர் தலையில் வீட்டு வரி போட்டு, 60,000-த்துக்கு மேல் வீடுகளைக் கட்டித் தொழிலாளிகளுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. அந்த வீடுகளில் இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். நம் ஊரிலும் 2021-ல் தாம்பரம் மாநகராட்சி வந்தது. ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சி சேர்ந்து எழுபது வார்டு. ரயில் நிலையத்தின் அருகே தொழிலாளிக்கு வாடகை வீடு, விவசாயத் தொழிலாளிக்கு வீட்டுமனைப் பட்டா, புது நகர்களுக்கு பஸ், குடிநீர், சாக்கடை. இவற்றை வார்டு வார்டாகக் கேட்டு வாங்க வேண்டியது நம்முடைய வேலை. ஒரு நகரில் மனை வாங்கிய முப்பது பேரும் சேர்ந்து சங்கமாய்ப் போனால் நிற்கிற பலம், தனியாக மனுக் கொடுக்கிறவனுக்கு இல்லை.

பல்லாவரம் தோழரின் மகன் இப்போது ஒரகடத்தில் காண்டிராக்டில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் பார்த்து வைத்திருக்கிற மனையைக் காட்டக் கூடுவாஞ்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஸ்டேஷனிலிருந்து நடந்தோம், இருபது நிமிஷம். அங்கீகார நம்பர் இருக்கிறது. மேட்டு நிலமாய்த்தான் தெரிகிறது. பக்கத்துக் கிராமத்தில் போய் விவசாயத் தொழிலாளர்களை விசாரித்தோம். இரண்டு பேர் தண்ணீர் நிற்காது என்றார்கள்; ஒருவர் மட்டும், “மேலே ஏரி உடைச்சுக்கிட்டா இந்தப் பக்கம்தான் வரும்” என்றார். தரகன் அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கேட்டான். ஐப்பசி மழையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.